இரண்டு சிவப்பு, இரண்டு ஏழாம் நம்பர்

ஆட்டத்தில் பனியன் நிறம் முக்கியமா, ஆடுகிற ஆள் முக்கியமா? — இப்படி யாராவது என்னைக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டுவேன்.

சிவப்பாக இருக்கிறது. தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை நல்ல குங்குமச் சிவப்பு. போன ஞாயிற்றுக்கிழமை ஏறியது. சோப்புக்குப் போகவில்லை. சீயக்காய்க்குப் போகவில்லை. என் மனைவி பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்துக்கொண்டு வந்தாள்... அப்போது நான்தான் போய்விட்டேன்.

நடந்தது இதுதான்.

எங்கள் துறையில் வருஷா வருஷம் கடலூர் ஆபீசுக்கும் சிதம்பரம் ஆபீசுக்கும் கபடி நடக்கும். கபடி என்றதும் தொடை தட்டும் வாட்டசாட்டமான ஆட்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, மாடிப்படி ஏறினாலே தூணைப் பிடித்துக்கொள்கிற ஆட்களின் கபடி. மூச்சு விடாமல் பாட வேண்டும் என்பது விதி. எங்களில் பாதிப் பேர், மூச்சு விட முடிந்தால் போதும் என்கிற நிலையில் இருப்பவர்கள்.

விதிவிலக்கு ஒரே ஆள். குணசேகரன். காட்டுமன்னார்கோயில் பக்கம், விவசாயக் குடும்பம், முப்பத்து நாலு வயசு. அவன் பாடிப் போனால் நாலு பேர் காலைப் பிடித்துத் தொங்கினாலும் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். அவனை நம்பித்தான் கடலூர் ஆபீசே பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது.

இந்த வருஷம் எங்கள் கேப்டனும் ஹெட்கிளார்க்குமான ஆரோக்கியராஜ் சாருக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. டி.வி.யில் இருபது ஓவர் கிரிக்கெட் பார்த்த கோளாறு. "நமக்கும் ஒரே கலர்ல பனியன் வேணும்யா. முதுகுல நம்பரோட" என்றார்.

சரி, என்ன கலர்?

இங்கேதான் வந்தது வினை. கேன்டீனில் கூட்டம் போட்டோம். மஞ்சள் என்றார் ஒருவர். "ஏன், அந்தக் கட்சி ஜெயிக்கணும்னு பாக்கறியா?" என்றார் இன்னொருவர். பச்சை? அது ஒரு கட்சி. கறுப்பில் சிவப்புப் பட்டை? சிரித்துவிட்டார்கள். காவி? "ஆரோக்கியராஜ் சாருக்கா?" நீலம் என்று ஒரு குரல் வந்தது. உடனே எல்லோரும் டீயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த கலருக்குப் போய்விட்டார்கள். ஆபீசில் எல்லோரும் ஒரே டம்ளரில்தான் டீ குடிக்கிறோம் — அது வேறு விஷயம். பனியன் என்றால் முதுகில் அல்லவா போட்டுக்கொள்ள வேண்டும்?

எங்கள் மாவட்டத்தில் வானவில்லே ஏழு கட்சிக் கூட்டணிதான், போங்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "சிவப்பு."

சிவப்பையும் ஒரு கட்சி வைத்திருக்கிறதுதான். ஆனால் அவர்களைப் பார்த்து மட்டும் யாருக்கும் பொறாமை இல்லை. அதோடு என்னிடம் விஞ்ஞானம் வேறு இருந்தது. மல்யுத்தம், குத்துச்சண்டை மாதிரியான ஆட்டங்களில் சிவப்பு போட்டவன் கொஞ்சம் ஜாஸ்தியாக ஜெயிக்கிறானாம். எதிராளிக்கு அந்த நிறத்தைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு நடுக்கம் வருமாம். எங்கேயோ படித்தேன். படித்ததோடு விட்டேனா? இதே பக்கத்தில் எழுதியும் வைத்தேன். ஞாபகம் இருக்கிறதா?

இருக்காது. பரவாயில்லை. உங்களில் ஒருத்தருக்கு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்திருக்கிறது. அவரிடம் பிறகு வருகிறேன்.

இதற்கு நடுவில் குணாவின் கல்யாணக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

குணாவுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை? நல்ல வேலை. நிலம் இருக்கிறது. வெற்றிலைகூடப் போட மாட்டான். ஆனால் ஆள் கறுப்பு. மாநிறம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத, சந்தேகத்துக்கு இடம் தராத கறுப்பு.

பெண் வீட்டுக்காரர்கள் இதை நேராகச் சொல்வார்களா? மாட்டார்கள். வருவார்கள். பஜ்ஜி சாப்பிடுவார்கள். காபி குடிப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் போன் செய்வார்கள் — "ஜாதகம் ஒத்து வரலீங்க." எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஜாதகம் ஒத்துப்போன பிறகுதானே ஐயா நேரில் வந்தீர்கள்? நேரில் பார்த்ததும் கிரகங்கள் எழுந்து வேறு வீட்டுக்குக் குடிபோய்விடுமா?

இந்தக் குழப்பத்தில் ஒரு போட்டோவுக்கும் பங்கு உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோக்காரர் எடுத்தது. பிளாஸ்டிக் ரோஜாக்கூடை மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு குணா நிற்பான். ஸ்டுடியோக்காரரிடம் புதுசாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. கேட்காமலேயே, "ரெண்டு ஷேடு ஏத்தியிருக்கேன் சார்" என்று கவரில் போட்டுக் கொடுத்தார். முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது. குணாவின் அம்மாவே, "யாருடா இது?" என்று கேட்டார்களாம். ஆனால் தூக்கிப் போடவில்லை. ஜாதகத்தோடு ஊர் ஊராக அதைத்தான் அனுப்பினார்கள்.

அப்படித்தான் சிதம்பரத்தில் தமிழரசி வீட்டுக்கும் போனது. தமிழரசி ஸ்கூல் டீச்சர். என் மனைவியின் சிநேகிதிக்குத் தங்கை. அங்கிருந்தும் ஒரு போட்டோ வந்தது. பெண்ணும் பளிச்சென்றுதான் இருந்தாள். ஜாதகம் ஒத்துப்போயிற்று. அடுத்து? நேரில் பார்க்க வேண்டும். அதாவது, பஜ்ஜி.

"இதுவும் போச்சுன்னா இனிமே பாக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்ணே" என்றான் குணா. சிரித்துக்கொண்டே சொன்னான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் மனைவிதான் வழி சொன்னாள். "பஜ்ஜித் தட்டு முன்னாடி உக்கார வச்சு ஏங்க பாக்கணும்? அவரு நல்லா ஆடற எடத்துல வந்து பாக்கட்டுமே." எங்கள் பக்கத்தில் இது உள்ள வழக்கம்தான். முறைப்படி வருவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டிலோ கோயிலிலோ தற்செயலாக வந்த மாதிரி தூரத்திலிருந்து ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவார்கள். எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாத மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

தமிழரசியின் தாய்மாமா ராஜமாணிக்கத்துக்கு நான் போன் போட்டேன். ரைஸ்மில் வைத்திருப்பவர். குரலிலேயே மிஷின் ஓடும்.

"மாப்பிள்ளைய எப்படி சார் அடையாளம் கண்டுபுடிக்கறது?"

"ரொம்ப சுலபம் ஐயா. சிவப்புப் பனியன். முதுகுல ஏழாம் நம்பர்."

இந்த உலகத்தில் இதைவிடத் தெளிவாக ஒருவன் அடையாளம் சொல்ல முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை கடலூரில் பஸ் ஏறினோம். எல்லோரும் சிவப்பு. கண்டக்டர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாநாடு எங்க சார்?" என்றார். புதுச்சத்திரம் தாண்டும்போதே வெயிலில் முதுகு கசகசத்தது. வியர்வை என்று நினைத்தேன். விஞ்ஞானம் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை.

சிதம்பரத்தில் மைதானத்துக்குள் நுழைந்தோம். எதிர் டீம் அணிவகுத்து நின்றது.

எல்லோரும் சிவப்பு.

அவர்களுடைய கேப்டன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், உங்க பத்தியப் படிக்காம ஒரு வாரம்கூட விட மாட்டேன். செவப்பு போட்டா ஜெயிக்கலாம்னு எழுதியிருந்தீங்களே... அப்பவே முடிவு பண்ணிட்டேன்!"

எழுத்தாளனுக்கு ஒரு உண்மையான வாசகன் கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு! அவன் எதிர் டீமில் கிடைத்தால் என்ன செய்வது? ஆரோக்கியராஜ் சார் என்னைப் பார்த்த பார்வையில் வரப்போகிற வருஷத்து லீவு முழுவதும் எரிந்து போனது.

அது போதாது என்று அவர்களிடமும் ஒரு ஏழாம் நம்பர். பாஸ்கர் என்று பெயர். நல்ல வெளுப்பு. சுருட்டை முடி. அவருடைய மனைவி எலுமிச்சம்பழச் சாற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

விசில் ஊதுகிற நேரத்தில் ராஜமாணிக்கம் வந்து சேர்ந்தார். கூடவே தமிழரசி, கைப்பையோடு. நான் கையசைத்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். வழக்கப்படி, தற்செயலாக வந்தவராம்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாட்டு சிதம்பரம். ஒருவர் பாடிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார். சட்டென்று மூன்று பேரைத் தட்டிவிட்டுத் திரும்பினார். விடுவோமா? ஆறு பேர் ஒன்றாகப் பாய்ந்து அமுக்கினோம். அமுக்கு என்றால் அப்படி ஒரு அமுக்கு. அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது.

"யோவ்... ஹெட்கிளார்க்குய்யா..."

நாங்கள் எழுந்து பார்த்தபோது பாடி வந்தவர் அவர் பக்கம் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் அவுட். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மாற்று ஆளை இறக்கிவிட்டு என்னை வெளியே அனுப்பினார்கள். வருத்தப்பட்ட மாதிரி யாரும் தெரியவில்லை.

நொண்டிக்கொண்டே போய் ராஜமாணிக்கம் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முகமெல்லாம் பல்.

"மாப்பிள்ள போட்டோவவிட நேர்ல லட்சணமா இருக்காரு சார்!"

திரும்பினேன். அவர் கண் போன திசையில் பாஸ்கர் சுருட்டை முடியைக் கோதிக்கொண்டு நின்றார்.

"ஐயா, அது வந்து..."

"சும்மா இருங்க சார். வந்தது தெரிஞ்சிடப் போவுது. ஆட்டத்தப் பாருங்க."

அதற்குள் ரெஃப்ரி விசிலை ஊதிவிட்டார். ஏதோ பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர். "யாரு எந்த டீமுன்னே தெரியலப்பா. ஒரு டீமு பனியனக் கழட்டுங்க" என்றார். பூவா தலையா போட்டார்கள். ஆரோக்கியராஜ் சார் பூ கேட்டார். தலை விழுந்தது. கழற்ற வேண்டியது நாங்கள்.

குணா மட்டும் பனியனைக் கழற்றவில்லை. நேராக என்னிடம் வந்து காதருகே குனிந்து, பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"நானும் வெளிய உக்காந்துக்கறேன்ணே."

"ஏன்டா?"

"பனியன் இருந்தா மூஞ்சி, கை, காலு மட்டும்தான். கழட்டிட்டா மொத்தமும் தெரிஞ்சிடும். போட்டோவுல இருந்தவன் எங்கன்னு தேட மாட்டாங்களா?"

என்ன சொல்வது? அந்தப் போட்டோவில் இருந்தவனைத்தான் அவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து ரசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றா? சிவப்பு போட்டால் எதிராளி நடுங்குவான் என்று எழுதினேனே... நடுங்கியது யார்?

அதற்குள் ஆரோக்கியராஜ் சார் ஓடி வந்து, அவன் காதோரம் பல்லைக் கடித்தார். "டேய் குணா! பொண்ணு பாக்க வந்தா பொண்ணு பாக்கட்டும்டா. நீ வெளிய உக்காந்தா அவுங்க எதைப் பாக்கறது? இவரையா?"

'இவர்' நான்தான். ஒரு மனிதனுக்குத் தைரியம் எங்கிருந்தெல்லாம் வருகிறது பாருங்கள். குணா என் தொப்பையை ஒரு தரம் பார்த்தான். பனியனைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

எல்லோரும் கழற்றியாகிவிட்டது. ரெஃப்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏம்ப்பா, உள்ள இன்னொண்ணு போட்டிருக்கீங்களா?"

சாயம்! பஸ்ஸில் வந்த வியர்வையில் பனியன் மொத்தமும் உடம்புக்கு மாறியிருந்தது. ஆரோக்கியராஜ் சார் முதுகில் நம்பர்கூட லேசாகத் தெரிந்தது. எங்கள் டீமில் சாயம் தெரியாத ஒரே உடம்பு குணாவுடையது. அந்த நிறத்தின் மேல் எந்த நிறமும் எடுபடவில்லை.

"போதும், ஆடுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு விசிலை ஊதினார் ரெஃப்ரி.

அப்புறம் குணா ஆடினான் பாருங்கள்... கோபத்தில் ஆடினானா, விட்டுவிட்ட நிம்மதியில் ஆடினானா தெரியாது. பாடிப் போனான், ரெண்டு பேர். மறுபடி போனான், மூன்று பேர். பாஸ்கர் பாடி வந்தபோது தொடையைப் பிடித்துத் தூக்கி, மண்ணில் பாய் விரிக்கிற மாதிரி விரித்தான்.

ராஜமாணிக்கம் எழுந்துவிட்டார். தற்செயல் எல்லாம் மறந்துபோயிற்று.

"எவன் சார் அந்தக் கறுப்பன்? எங்க மாப்பிள்ளய இந்தப் போடு போடறான்!"

இதைச் சொன்னவர் ஒன்றும் பால்கோவா நிறமில்லை. என்னை மாதிரி, குணாவை மாதிரி, எங்கள் மாவட்டத்து வெயில் வளர்த்த ஆள்தான். கண்ணாடியில் தினமும் பார்க்கிற நிறத்தை அடுத்தவன் மேல் பார்த்தால் மட்டும் நமக்கு ஏன் இப்படித் தூக்கிவாரிப்போடுகிறது?

"விடாத மாப்ள! எந்திரி!" என்று பாஸ்கரைப் பார்த்துக் கத்தினார். பாஸ்கரின் மனைவி எலுமிச்சம்பழச் சாற்றோடு திரும்பி, தன் புருஷனை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற இந்தப் புது மாமனார் யார் என்று பார்த்தார்.

தமிழரசியைப் பார்த்தேன். குணா பாடிப் போகும்போதெல்லாம் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தோற்றோம். குணா இழுத்து இழுத்துக் கொண்டுவந்து சேர்த்தும், ஆரம்பத்தில் ஹெட்கிளார்க்கை அமுக்கியபோது போன பாயின்ட்டை மீட்க முடியவில்லை. ஆக, சிவப்பு ஜெயித்தது. என் கொள்கை நிரூபணமானது. என்ன, அந்தச் சிவப்பு நாங்கள் இல்லை.

விசில் ஊதியதும் ராஜமாணிக்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பாஸ்கரை நோக்கிக் கிளம்பினார். கையைப் பிடித்துத் தேதியே கேட்டுவிடுவார் போலிருந்தது. நான் எழுந்தேன்... இடுப்பு எழவில்லை.

"மாமா, நில்லுங்க. அவரு இல்ல."

தமிழரசி.

"என்னா பேசற? செவப்புப் பனியன், ஏழாம் நம்பரு. சார்தான சொன்னாரு?"

அவள் கைப்பையிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்தாள். "மூஞ்சியப் பாக்காதீங்க மாமா. கையப் பாருங்க."

பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் ரோஜாக்கூடை. அதன் மேல் ஒரு கை. முகத்தையும் கழுத்தையும் உரித்த முட்டையாக்கிய அந்தக் கம்ப்யூட்டர் மேதை, கையை அப்படியே விட்டுவிட்டிருந்தார்! குணாவின் சொந்தக் கை. குணாவின் சொந்தக் கறுப்பு. இத்தனை பேர் வாங்கிப் பார்த்த போட்டோ. குணா பார்க்கவில்லை, அவன் அம்மா பார்க்கவில்லை, ஊருக்கெல்லாம் கருத்துச் சொல்கிற நானும் பார்க்கவில்லை.

"நான் ஒரு வாரமா இந்தக் கையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். "வந்து நின்னதுமே தெரிஞ்சிடுச்சு அவரு எந்த ஏழுன்னு."

ராஜமாணிக்கம் போட்டோவைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அது சரிம்மா... எதுக்கும் வீட்டுக்குப் போயி ஜாதகத்த இன்னொரு தரம்..."

"ஜாதகம் ஏற்கெனவே ஒத்துப்போச்சு மாமா."

ரைஸ்மில் நின்றது. கரன்ட் போன மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், "ஆனா ஒண்ணு... மனுசன் நாலு பேர இழுத்துக்கிட்டில்ல வந்தாரு." 'எவன்' போய் 'மனுசன்' வந்துவிட்டது, கவனித்தீர்களா?

குணா பனியனை வாங்குவதற்காக என்னிடம் வந்தான். அவளைப் பார்த்ததும் அதை அவசரமாக நெஞ்சில் வைத்து மறைத்துக்கொண்டான்.

"உங்க போட்டோ நல்லால்லீங்க" என்றாள் தமிழரசி.

குணாவின் முகம் விழுந்தது. "தெரியுங்க."

"என் போட்டோவும் அதே ஸ்டுடியோலதான் எடுத்தாங்க."

"அதுவும் தெரியுங்க" என்றான் குணா. "உங்களுக்குக் காத விட்டுட்டான்."

ஒரு வினாடி பயந்துபோனேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவள் சிரித்தாள் பாருங்கள், ராஜமாணிக்கம் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் நானும் நேராகக் கவனித்தேன். முகமும் காதும் ஒரே நிறம். போட்டோவில் பார்த்த பளிச்சைவிட ரொம்பக் கறுப்பு, ரொம்ப அழகு.

இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் கூடி வெளுத்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர், வெளுக்க மறந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

நேற்று ராஜமாணிக்கமே போன் செய்தார். அடுத்த மாசம் நிச்சயதார்த்தமாம். குணா ஆபீசில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தான். ஆரோக்கியராஜ் சார் அடுத்த வருஷத்துப் பனியனுக்கு யோசனை கேட்டு ஒரு கூட்டம் போடப்போகிறார். என்னைக் கூப்பிடவில்லை.

நிச்சயதார்த்தத்துக்குப் போட்டோ எடுக்க அதே ஸ்டுடியோக்காரரைத்தான் சொல்லியிருக்கிறார்கள் — கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்கிற கண்டிஷனோடு. பாவம், மனுஷனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அதனால், வரும்போது என் முதுகை ரெண்டு ஷேடு ஏற்ற முடியுமா என்று ஒரு பார்வை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கையையும் காதையும்தானே மறப்பார்? இது முதுகு.